சின்னவளின் டியூப்

ஈரம் காயாத ஃபிலிமை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்ததும் பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அவளுடைய ரத்தத்தின் தடம் முழுக்கக் கறுப்பு. பக்கத்தில் அவள் ஓரகத்தியின் தடம் துடைத்துவிட்டாற்போல வெள்ளை.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். நம் உயிரணுக்களில் உள்ள புரதங்களின் மேல் சுமோ என்ற குட்டிப் புரதம் ஒட்டிக்கொள்ளும். முதுமையிலும் நோயிலும் அந்த ஒட்டல் எப்படி மாறுகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. ஒட்டல் இருந்தால் ஃபிலிமில் கறுப்பு விழும். ரத்தம் கொடுக்க ஆள் குறைந்ததால், தன்னோடு வீட்டின் சின்ன மருமகளையும் அழைத்து வந்திருந்தாள். ரத்தம் எடுக்க நர்ஸ் சின்னவளை முதலிலும் அவளைப் பிறகும் தனித்தனியே உள்ளே அழைத்தாள்.

கறுப்பு என்றால் கிழம் என்று அவளாகவே முடிவு கட்டினாள். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் போன வாரம் பார்சல்காரன் சின்னவளைக் காட்டி, "உங்க பொண்ணுகிட்ட கொடுத்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இப்போது ரத்தமும் அதையே சொல்கிறதா?

சட்டென்று நினைவு வந்தது. உயிரணுவை உடைத்ததும் சுமோ உதிர்ந்துவிடாமலிருக்க ஒரு மருந்தை அன்றன்றைக்குக் கலந்து ஊற்ற வேண்டும். தனக்குப் புதிதாகக் கலந்தவள், 'அவளுக்கு இது போதும்' என்று முந்தின நாள் மிச்சத்தை அந்த டியூபில் ஊற்றியிருந்தாள். தன் கஞ்சத்தனமே அவளைக் குமரியாக்கிவிட்டது!

மறுநாள் மீதி ரத்தத்தில் மாற்றிச் செய்தாள். சின்னவளுக்குப் புது மருந்து, தாராளமாக. தனக்குப் பழைய மிச்சம். சின்னவளின் தடம் மையாகக் கறுத்தது. படத்தைப் பூரிப்போடு பேராசிரியர் மேசையில் வைத்தாள்.

"அடடா! யாரும்மா இது?"

"என் ஓரகத்தி சார். பாவம், வயசாயிடுச்சு போல."

"யார் சொன்னா? அணுவுக்கு ஒரு இக்கட்டுன்னா காப்பாத்த ஓடி வர்றதும் இதே சுமோதான். இவங்க அணு நல்லாத் தாங்கும்போல! ஆமா, உங்களோடதுல ஒண்ணுமே இல்லையே. உடம்புக்கு ஏதாவது...?"

அன்று மாலை வீட்டில் சின்னவள் வேறு கேட்டாள். "அக்கா, என் ரத்தம் எப்படி இருக்கு?"

"சிவப்பா இருக்கு."

ரத்தம் தீர்ந்துபோயிருந்ததால், மூன்றாம் முறை பெரியவள் முந்தின நாள் டியூப்களின் லேபிளையே மாற்றி ஒட்டிவிட்டாள். கறுப்பு இப்போது அவள் பெயரில் வந்தது. பேராசிரியரின் புருவம் உயர்ந்தது.

"ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வருதே? நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. புதுசா ரத்தம் எடுத்து நானே போடறேன். யாராவது கைவைச்சிருந்தா, அவங்களுக்கு இங்க வேலை கிடையாது."

மறுநாள் நர்ஸ் ஊசியைப் பிரித்தாள். பேராசிரியர் கைகட்டி நின்றார். சின்னவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பெரியவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"சார், நான்தான் லேபிளை மாத்தினேன். அவ ரத்தத்தைப் பார்த்துப் பொறாமை. என்னை மன்னிச்சிடுங்க."

நர்ஸ் மெதுவாக ஊசியைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு ஊசியைப் பார்த்ததுமே உங்க ஓரகத்தி மயங்கிட்டாங்க, மேடம். வெளிய சொல்லாதீங்கன்னு ஒரே அழுகை. அதான் 'கூடுதலா இருக்கட்டும்'னு உங்க கையில ரெண்டு டியூப் எடுத்தேன் இல்ல, அதுல ஒண்ணுல அவங்க பேரை ஒட்டிட்டேன்."