கிரவுண்டு அண்ணனின் பார்ட்டிகள்

உலகத்தில் யார் வேண்டுமானாலும் நிலம் விற்கலாம். ஆனால் என் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, அந்த வீட்டையே காலி மனை என்று என்னிடமே விற்கப் பார்க்க கிரவுண்டு அண்ணனால் மட்டும்தான் முடியும்.

எண்பதுகளில் சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவையே கிரவுண்டு கிரவுண்டாக விற்றுக் கொடுத்த புரோக்கர் அவர். தொண்ணூறுகளில் மறதி வந்தது. இப்போது அதற்கு வாயில் நுழையாத பெயர் இருக்கிறது. அன்றைக்கு வெறும் மறதிதான். சாப்பிட்டது மறந்தது, மனைவி பெயர் மறந்தது, நாங்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடுகளும் மறந்துபோயின. அவர் கண்ணுக்கு எல்லாம் கல் நட்ட பொட்டல். செருப்போடு நேரே எங்கள் சமையலறைக்குள் வந்து, "இங்க கிணறு வெட்டுனா இளநீ மாதிரி தண்ணி, தம்பி" என்பார். அந்த இடத்தில் என் மனைவி ரசம் தாளித்துக்கொண்டிருப்பாள்.

வெளியே போனால் திரும்பத் தெரியாது. "வீட்டுக்கு வாங்க" என்றால் கோபம் வரும். அதனால் தெரு ஒரு வழி கண்டுபிடித்தது. அவரை எங்கே பார்த்தாலும், "அண்ணே, உங்க தெருவுல ஒரு மனை காட்டுங்களேன்" என்று கேட்க வேண்டியது. மனை வாங்க ஒரு பார்ட்டி கிடைத்த சந்தோஷத்தில் அவரே முன்னால் நடந்து, நேராக வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

அவர் மனைவி சரோஜா அக்கா அவரை விட்டு எந்த ஊருக்கும் கிளம்பியே வருஷக்கணக்காகியிருந்தது. செங்கல்பட்டில் தங்கை மகள் கல்யாணம். நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"நான் பாத்துக்கறேன்கா. பந்தியில நிதானமா சாப்பிட்டுட்டு வாங்க."

"இந்த ஒரு நாள்தான் தம்பி. இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் நான் வாசப்படி தாண்டவே மாட்டேன்."

மத்தியானம் அண்ணன் வீட்டில் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன். குறட்டை கேட்டதாக என் மனைவி சொல்வது அபாண்டம். கண்ணைத் திறந்தால் அண்ணனின் நாற்காலி காலி. அவசரத்தில் மாட்டியது ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் அக்கா செருப்பு. முனைப் பெட்டிக்கடைக்கு ஓடினேன்.

"அண்ணனா? ஸ்கூட்டர்ல ஒர்த்தர் வந்து மனை பாக்கணும்னாரு சார். நம்ம தெருக்காரங்க மாதிரியே கேக்குறாரே, வூட்டாண்ட வுட்ருவாருன்னு நான்தான் அண்ணனை ஏத்திவுட்டேன்."

"யாருய்யா அது?"

"தெர்ல சார். புச்சா கீறாரு."

நிஜமாகவே மனை வாங்க வந்த ஆள்! தெரு சைக்கிளில் நாலா பக்கமும் பறந்தது. நான் ஒரே சாலையில் முன்னும் பின்னும் ஓடினேன். ஏரிக்கரையில் ஓர் எருமையைப் பார்த்து "அண்ணே!" என்று கதறினேனாம். நடுவில், அக்கா வருவதற்குள் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோய்விடலாமா என்றும் யோசித்தேன்.

சாயங்காலம் ஸ்கூட்டர் திரும்பி வந்தது. பின்னால் ராஜா மாதிரி அண்ணன். ஓட்டி வந்தவருக்கு மூச்சு வாங்கியது.

"என்ன சார் ஊர் இது? செம்பாக்கத்துல டீக்கடைக்காரர் இவரைப் பாத்ததும், 'அண்ணே, உங்க தெருவுல மனை காட்டுங்க'ங்கறார். மீன் விக்கிற அம்மாவும் அதையேதான் கேக்கறாங்க. இவ்வளவு கிராக்கியான்னு, முந்திக்கலாம்னு விரட்டிக்கிட்டு வந்தேன்!"

எங்கள் தெருவின் தந்திரம் செம்பாக்கம் வரைக்கும் போயிருந்தது எங்களுக்கே தெரியாது.

ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினார். தலையில் பூ, கையில் தாம்பூலப் பை. "சமத்தா இருந்தாரா?"

"ஸ்கூட்டர்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தார்கா."

அக்கா என் கால்களைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

"அப்போ அடுத்த மாசம் திருத்தணிக்கு ஒரு நடை போயிட்டு வரட்டுமா தம்பி?"

"தாராளமா போங்கக்கா" என்றது என் வாய், என்னைக் கேட்காமலே.

அண்ணன் என் தோளில் கை வைத்தார். "மனை ஏதாவது வேணுமா தம்பி?"

"வாங்கிட்டேண்ணே. உங்க வீட்டுக்குப் பக்கத்துல."

கொஞ்சம் யோசித்தார். "நல்ல எடம். யார் வந்து கேட்டாலும் குடுத்துடாத."

இன்றுவரை கொடுக்கவில்லை, அண்ணே.