யூபிஎஸ் அண்ணன்

கள்ளக்குறிச்சியில் கரண்டை நம்பாத ஒரே ஆத்மா யூபிஎஸ் அண்ணன்தான். மற்றவர்கள் கரண்ட் போனால் திட்டுவார்கள். அவர் கரண்ட் இருக்கும்போதே திட்டுவார்.

துருகம் ரோட்டில் ஒரு ஸ்டுடியோ. அவர் கல்யாண வீடியோ எடிட்டர், நான் ஆல்பம் டிசைனர். கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்குச் சில நிமிடம் உயிர் கொடுக்கும் யூபிஎஸ் பெட்டியின் மேல் எப்போதும் ஒரு கையை வைத்திருப்பார். அதனால் அந்தப் பெயர். கல்வராயன் மலைப்பக்கம் மேகம் கூடினால் இங்கே ஃபைலை மூடிவிடுவார். ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஓடும்போது யாரும் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடக் கூடாது. வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

"போன கரண்ட் வந்துச்சுன்னா நம்பாத. மூணு தபா போயிட்டு வரும். நாலாவது தபா வந்தாதான் வந்த மாரி" என்பார். நாங்கள் சிரிப்போம். அதிகம் சிரித்தது நான்தான்.

யூபிஎஸ் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதலாளியிடம் கேட்பார். "கல்யாண சீசன் முடியட்டும்பா" என்பார் முதலாளி. கள்ளக்குறிச்சியில் கல்யாண சீசன் எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது? இருப்பதற்கெல்லாம் ஒரு காப்பி வைக்க இன்னொரு ஹார்ட் டிஸ்க் கேட்டதற்கும் அதே பதில்தான்.

அப்போதுதான் தியாகதுருகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி நாற்பது நாள். அதற்குள் கூலி வேலைக்குப் போன இடத்தில் அவளுடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

"போனுல போட்டோதாங்க இருக்குது. அவரு பேசுறது ஒங்க வீடியோல மட்டுந்தான். என்ன அனுப்பி வெக்கும்போது என்னமோ சொன்னாரு. அழுதுகினு இருந்தேன், காதுல வுழல."

அண்ணன் எழுந்து நின்றே பதில் சொன்னார். "ஞாயித்துக்கெழம வாம்மா. மொதல்ல ஒங்கப்பா பேசுனத எடுத்துத் தரேன்."

வியாழக்கிழமை பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தம். அந்த நாளில் அண்ணன் எப்போதும் லீவு. நான் மட்டும் கடையில் இருந்தேன். மதியமே கரண்ட் வந்துவிட்டது. நல்ல பெயர் வாங்கலாமே என்று, அந்தப் பெண்ணின் கல்யாணம் இருந்த அதே ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி வேறொரு கல்யாணத்தை அதில் ஏற்ற ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போனது. யூபிஎஸ் ஒரே ஒரு முறை கத்திவிட்டு அணைந்தது.

கரண்ட் திரும்ப வந்ததும் ஹார்ட் டிஸ்க்கை மறுபடி சொருகினேன். இதை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. என்னிடம் அவ்வளவு மரியாதையாக யாரும் பேசியதில்லை. சரி என்று அழுத்தினேன். டிஸ்க் காலியாகத் திறந்தது. பதற்றத்தில் புதுக் கல்யாணம் முழுவதையும் அதன் மேலேயே ஏற்றினேன். அவள் கல்யாணத்தை எடுத்த கேமரா கார்டுகளை முதலாளி எப்போதோ அழித்திருந்தார்.

"வூடு பூட்டி இருந்துச்சு, சாவிதான் காணோம்" என்றார் அண்ணன் மறுநாள். "நீ வூட்டையே இடிச்சிட்டு வேற வூடு கட்டிட்டியேப்பா."

இரண்டு நாள் சாப்பிடாமல் ஏதேதோ மென்பொருள் போட்டுத் தோண்டினார். தோண்டத் தோண்டப் புதுக் கல்யாணத்தின் சாம்பார் பந்திதான் வந்தது. செத்த மனிதரின் சட்டைக் காலர்கூடக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்து நின்றாள். விஷயம் தெரிந்து முதலாளி குதித்தார். "யாரு செஞ்ச வேலடா இது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாங்க" என்றார் அண்ணன். அவள் பக்கம் திரும்பி, "என் கையாலதாம்மா போச்சு" என்றார்.

"கொஞ்சங்கூட இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அவள் கத்தியிருக்கலாம், என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பதினோரு வருடம் உழைத்தவரை முதலாளி அன்றைக்கே நிறுத்தினார். மறுநாளே புது பேட்டரி வாங்கி மாட்டினார். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவருக்குக் கீழேயே இன்னும் மூன்று வருடம் சம்பளம் வாங்கினேன் என்பதை நினைத்தால் அதைவிட எரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை அண்ணன் பின்னாலேயே ஓடினேன்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"ஒனக்குக் கைக்கொழந்த இருக்குது" என்றார். கொஞ்சம் யோசித்து, "தவிர, ஒனக்கு வேலையும் தெரியாது. எவன் சேத்துக்குவான்?" என்று சொல்லிவிட்டு உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும் இவ்வளவு செய்திருப்பான் என்று தோன்றவில்லை.