தங்கைக்கு நான் கட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர்

கோபம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வார்த்தை வராது. எனக்கு அறிவு வந்துவிடும். அதாவது, வந்துவிட்டதாகத் தோன்றும். குரல் உயர உயர, உலகத்து விஷயம் அத்தனையும் எனக்குத் தெரியும், எதிரே நிற்பவருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது உறுதியாகிக்கொண்டே போகும். இந்த வியாதியோடுதான் என் தங்கை மதிக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டிக்கொடுக்கக் கிளம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவில் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், கொழுந்து வாட்டும் மாடிக்கு நான்தான் சூப்பர்வைசர். பறித்து வந்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய காற்றாடிகளால் காற்றை ஊதிப் பதமாக வாடவைக்கிற வேலை. எனக்குக் கீழே எட்டுப் பேர். (கொழுந்துக்கு முன்னால் அவர்கள்தான் வாடுகிறார்கள் என்று ஃபேக்டரியில் ஒரு பேச்சு இருந்தது. கொழுப்பெடுத்தவர்கள்.)

மதிக்குப் பத்தொன்பது வயது. கேம் விளையாடுகிற பெண்ணில்லை, கேம் செய்கிற பெண். கோலாலம்பூரில் ஒரு கம்பெனி, பயிற்சிக்கு மூன்று பேரை எடுப்பதாக அறிவித்திருந்தது. சொந்தமாக ஒரு சின்ன கேம் செய்து, குறிப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். கிடைத்தால் கோலாலம்பூர். கிடைக்காவிட்டால் எங்கள் ஃபேக்டரியிலேயே தேயிலைத்தூள் பொட்டலம் கட்டும் பகுதி. அவளிடமிருந்த பழைய லேப்டாப்போ, ஒரு மரத்தை வரையச் சொன்னால் இலைக்கு இலை நின்று யோசித்தது.

“நடுத்தரமா ஒன்னு போதும்க்கா,” என்றாள் மதி. என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தாள். ஆறு கோர் பிராசஸர், நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு, முப்பத்திரண்டு ஜிபி ராம், தரமான பவர் சப்ளை, ஏதோ ஒரு பெட்டி. அதை அப்படியே வாங்கியிருந்தால் இன்று எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. நான்தான் மேதையாயிற்றே! உட்கார்ந்து பத்து வீடியோ பார்த்தேன். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொன்னார்கள். பத்துப் பேர் மேலும் கோபம் வந்தது. அறிவும் வந்துவிட்டது.

மலைக்குக் கீழே ஈப்போவில் செல்வம் என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். தாளைப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்காங்க,” என்றார். பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “பிராசஸர் மேல போட நல்ல கூலர் ஒன்னு சேத்துக்குங்க அக்கா,” என்றார்.

“கூலரா? நாங்க எங்க இருக்கோம் தெரியுமா? கேமரன்ல! மத்தியானம் பன்னண்டு மணிக்குச் சுவெட்டர் போட்டுக்கிட்டு நிக்கிறவங்ககிட்ட கூலர் விக்கிறீங்களா?”

“மலை குளுருதான்கா. பெட்டிக்குள்ள குளுராதே.”

எதிர்த்துப் பேசிவிட்டார் அல்லவா, போதும். கூலரை வேண்டாமென்றேன். ராமைப் பாதியாகக் குறைத்தேன். அந்த மிச்சத்தில், நாலாபுறமும் கண்ணாடி வைத்து, கலர் கலராக விளக்கெரியும் ஆறு காற்றாடிப் பெட்டி ஒன்றை எடுத்தேன். மதி என் சுவெட்டரைப் பிடித்து இழுத்து, “அக்கா, போதும்க்கா,” என்றாள். நான் தட்டிவிட்டேன்.

செல்வம் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். “காத்தாடில பாதி காத்த உள்ள இழுக்கட்டும், பாதி வெளிய தள்ளட்டும். நான் மாட்டித் தரேன்.”

“தெனமும் காத்தாடி மேய்க்கிறவ நானு. எனக்குச் சொல்லித் தராதீங்க லா!”

வீட்டுக்கு வந்ததும், நான் சொன்னதையும் மீறி அவர் வெளியே தள்ளுவதுபோல் மாட்டியிருந்த மூன்றையும் கழற்றித் திருப்பி, ஆறும் உள்ளே ஊதும்படி வைத்தேன். எங்கள் தொட்டியில் அப்படித்தானே!

“உள்ள போன காத்து எப்படிக்கா வெளிய போகும்?” என்று மதி கேட்டாள்.

“அதுக்குப் போகத் தெரியும்டி!”

தெரியவில்லை. மூன்று நாளில் பெட்டி அனலாகக் கொதித்தது. மதி அதைச் சொன்னபோது, குறை சொல்கிறாளே என்று எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! ஃபேக்டரியில் ஓரமாகக் கிடந்த பழைய கித்தானை எடுத்து வந்தேன். குழாய் மாதிரி சுருட்டித் தைத்து, ஒரு முனையைத் திறந்த ஜன்னலிலும் மறுமுனையைப் பெட்டியின் காற்றாடி மீதும் கட்டினேன். மலைக்காற்று நேராகக் கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. சூடு சட்டென்று தணிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. லைன் வீடுகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

காய்கறி லாரி ஓட்டுகிற எங்கள் அப்பா குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “மழை வந்தா என்னம்மா செய்யிறது?”

“வந்தா ஜன்னல மூடிக்கலாம்பா. இதெல்லாம் ஒரு கேள்வியா?”

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மதியின் கேம் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்து அனுப்புவதுதான் பாக்கி. கம்ப்யூட்டர் தொகுக்கட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் சமையலறையில் போய்த் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது பனி இறங்கியது. பின்னாலேயே சாய்வாக மழை.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? வாட்டும் மாடியில். என்ன செய்துகொண்டிருந்தேன்? வெளிக்காற்று வரும் கதவுகளை மூடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். பனி இறங்கினால் வெளிக்காற்றை அடைத்துவிட்டுச் சூடான காற்றைத் திறக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம் அது. “ஈரக்காத்து உள்ள போச்சுன்னா எல்லாம் பாழ்! மண்டையில ஏறுதா இல்லையா?” என்று எட்டுப் பேரையும் நான் கேட்டு முடிக்கவில்லை, போன் அடித்தது.

“அக்கா, டப்புன்னு ஒரு சத்தம்க்கா. ஸ்கிரீன்ல ஒன்னும் வரல. ரோசாக் ஆயிருச்சு, கெட்டே போச்சு,” என்றாள் மதி.

மணி இரண்டு. அடுத்த கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டு வேனில் நானும் மதியும் ஏறியிருந்தோம். கம்போங் ராஜாவைத் தாண்டி, வளைந்து வளைந்து ஈப்போவுக்கு இறங்கும் வழியெல்லாம், செல்வத்தை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே ஓட்டினேன். மட்டமான சாமானை என் தலையில் கட்டிவிட்டான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பக்கத்தில் மதி பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பாவாடை நனைந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

நாலு பத்துக்குக் கடைக்குள் நுழைந்தேன். பெட்டியை மேசைமேல் டம்மென்று வைத்தேன். ஆரம்பித்தேன்.

“அக்கா, மொதல்ல அந்த...” என்றார் செல்வம்.

“நீங்க பேசாதீங்க!”

“இல்லக்கா, ஒரு நிமிசம், அதுல இருக்கிற...”

“நான் பேசி முடிக்கல!”

உண்மையாகவே முடிக்கவில்லை. பிராசஸரில் தொடங்கி, ஈப்போக் கடைக்காரர்களின் நேர்மைக்குப் போய், மலையில் இருப்பவர்கள் என்றால் இளப்பமா என்று கேட்டு, மீண்டும் பிராசஸருக்கே வந்தேன். மௌஸ் வாங்க வந்த ஒருவர் ஓசைப்படாமல் நழுவினார். இன்னும் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க உள்ளே வந்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் எனக்குக் குரல் இன்னும் எழும்பியது.

மதி என் முதுகைத் தொட்டாள். “அக்கா.”

“இருடி!”

“அஞ்சு மணி தாண்டிருச்சுக்கா.”

நான் நிறுத்தினேன். செல்வம் பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி, மெதுவாகச் சாய்த்தார். உள்ளேயிருந்து தண்ணீர் மேசைமேல் ஒழுகியது. பின்னாலேயே, பழைய கித்தானில் ஒட்டியிருந்த கொழுந்து ஒன்றும் மிதந்து வந்து, எல்லாரும் பார்க்கும்படி நடுவில் நின்றது.

பிறகு அவர், கேம் பதிவாகியிருந்த சின்னத் தகட்டைப் பிடுங்கி, துடைத்து, தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். ஆறு நிமிடம் கூட ஆகவில்லை. மதியின் கேம், தொகுத்து முடித்தது முடித்தபடி, முழுசாகத் திறந்துகொண்டது.

“வந்த ஒடனே இதத்தான்கா சொல்ல வந்தேன்,” என்றார்.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் ‘விண்ணப்பம் முடிந்தது’ என்று போட்டிருந்தது. மதி மன்னிப்புக் கேட்டு எழுதினாள், பதில் வரவில்லை. மழை அழித்தது கம்ப்யூட்டரை. அவள் வாய்ப்பை அழித்தது நான். கத்தியே அழித்தேன். மலையேறித் திரும்பும் வழியில் அழுகையாக வந்தது. அழவும் வெட்கமாக இருந்தது.

ஒரு வருடம் மதி பொட்டலம் கட்டினாள். நான் மாடியில், அவள் கீழே. “உங்க மூத்த மகள்கிட்ட சொல்லுங்க, சோறு ஆறுதுன்னு,” என்று அப்பா வழியாகத்தான் என்னிடம் பேசினாள். அடுத்த வருடம் வேறொரு கம்பெனிக்குத் தானே கம்ப்யூட்டர் கட்டி, தானே எழுதிப்போட்டு, வேலை வாங்கினாள். அந்தப் பெட்டியைத் தூக்கி வைக்கக்கூட என்னை விடவில்லை.

போன வருடம் அவள் வேலை செய்த கேம் வெளிவந்தது. அதன் மூன்றாம் கட்டத்தில் தேயிலை மலைக்கு நடுவே ஒரு அரக்கி வருகிறாள். கொண்டை, மெரூன் சுவெட்டர், இடுப்பில் கை. வாயைத் திறந்தால் மரமெல்லாம் சாய்கிறது. லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு இப்போது அதுதான் பொழுதுபோக்கு. பசியாறியதும் உட்கார்ந்துவிடுவார். “சாந்தி, இன்னிக்கு ஒன்ன மூனு தடவ முடிச்சுட்டேன்!” என்று ஹாலிலிருந்து சத்தம் வரும். விருந்தாளி வந்தால் அவர்களையும் உட்காரவைத்து முடிக்கச் சொல்கிறார்.

நானும் விளையாடிப் பார்த்தேன். இருக்கிற ஆயுதமெல்லாம் எடுத்து அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை, நான்தான் செத்தேன், நாற்பது தடவை. கடைசியில் பொறுக்க முடியாமல் மதிக்குப் போன் போட்டேன். “எதால அடிச்சாலும் சாகமாட்டேங்குதே, எப்படிடி அதக் கொல்றது?”

“நீ ஏன்க்கா அடிக்கிற? சும்மா ஓரமா நின்னு பேச விடு. பேசிப் பேசி அதுவா வெடிச்சுரும்.”

எனக்கு வந்தது கோபம். யாரைப் பார்த்து என்ன பேச்சுப் பேசுகிறாய் என்று ஆரம்பித்தேன். மதி இடையில் ஒரு வார்த்தையும் பேசாமல், அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்திருந்தாள்.