இளைத்துப்போன டப்பா

உலகத்தில் டப்பாக்காரர் என்றோர் இனம் உண்டு. ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்தால் நீங்களும் நானும் சாப்பாட்டைப் பார்ப்போம். அவர்கள் அது வந்த பிளாஸ்டிக் டப்பாவைப் பார்ப்பார்கள். விரலால் தட்டி, "கெட்டியா இருக்கே, இதைப் போயி யாராவது தூக்கிப் போடுவாங்களா?" என்பார்கள். அவ்வளவுதான். அந்த டப்பாவுக்கு இனிச் சாவில்லை.

இந்தக் கதையில் வரும் மருமகளுக்கு வாய்த்த மாமியார் அந்த இனத்தில் மூத்தவர். கறை போகக் கம்பி நாரால் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, பொருந்தாத மூடியை முழங்கையால் அழுத்தி மூடி, கொதிக்கக் கொதிக்க எதையும் அதிலேயே ஊற்றி வைப்பார். மனசு மட்டும் தங்கம்.

மருமகள் முழுகாமல் இருந்தாள். பரிசோதனைக்குப் போன இடத்தில் நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: சூடானதைப் பிளாஸ்டிக்கில் வைக்காதே, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிரும், நஞ்சுக்கொடி வரைக்கும் போயிருக்கிறதாம். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அத்தையிடம் யார் சொல்வது?

ஆவி பறக்கும் சூப்போடு டப்பா வந்தது.

"இது பழசாயிடுச்சே அத்தை..."

"பழசா? தூக்கிப் பாரும்மா. வந்தப்போ என்ன கனம்! நான் தேய்ச்சுத் தேய்ச்சு இப்ப எவ்வளவு லேசாயிருக்கு!"

"தேஞ்சதெல்லாம் எங்க போச்சு அத்தை?"

"எங்க போகும்? கழுவுன தண்ணியோட சாக்கடைக்கு. அப்புறம் ஆத்துக்கு, கடலுக்கு."

"கடல்ல?"

"மீனு தின்னிருக்கும்."

"மீனை?"

"என்னடி, வக்கீலாட்டம்..." என்றவர் நின்றார். "நாமதான்."

"மிச்சம் இந்த சூப்புல இருக்கும் அத்தை. நர்சம்மா சொன்னாங்க. எனக்கு வேண்டாம்னு நான் சொல்லிடுவேன். உள்ள இருக்கிறதுக்குச் சொல்லத் தெரியாதே."

மாமியார் அவள் வயிற்றைப் பார்த்தார். இறைவன் அந்த இடத்தைப் பிள்ளைக்கென்றுதானே படைத்தான், டப்பாவுக்கா? உள்ளே போய், விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைத்திருந்த கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து, ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கிழித்து, அடுப்பிலிருந்த சூப்பை அதில் ஊற்றினார்.

"இதைவிடப் பெரிய விருந்தாளி யாரு வரப்போறா? குடி."

குடித்தாள். கண் கலங்கியது சூட்டினால்தான் என்றாள்.

டப்பா குப்பைக்குப் போயிருக்கும் என்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் அறியவில்லை. அதில் இப்போது பழைய பொத்தான்கள் இருக்கின்றன.

சரி, சிரித்தது போதும். உங்கள் அடுப்படி அலமாரியைத் திறக்கும்போது கொஞ்சம் தள்ளியே நின்று திறங்கள். தலைமேல் விழும்.