சொந்தக்கால்காரர் எழுதிய பலகை

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பல ரகம் உண்டு. விழுகிறவர்கள் ஒரு ரகம். விழுந்ததைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்கள் இன்னொரு ரகம். சைக்கிளைத் துடைத்துத் துடைத்து வரவேற்பறையிலேயே வைத்திருக்கிறவர்களும் உண்டு. இவர்களையெல்லாம் விட்டுவிடுவோம், பாவம், இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் உங்களுக்கு அறிமுகம் செய்ய வந்தது சொந்தக்கால்காரரை.

அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. மலையடிவாரத்தில் யாரோ ஒருவருடைய புது மின்சார சைக்கிளைச் சுற்றி நாலு பேர் ஆசையாக நின்று தடவிக்கொண்டிருப்பார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, தன் பழைய சைக்கிளின் சீட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஒருவர் பெருமூச்சு விடுவார். நீங்கள் கேட்கிறவரை விட்டுக்கொண்டே இருப்பார். "என்னண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தீர்களோ, போச்சு.

"ஒண்ணுமில்லப்பா. சொந்தக் காலை விட்டுட்டு மோட்டார் வச்சுத்தான் மலையேறணும்னா பஸ்லயே போயிடலாமேன்னு நினைச்சேன்."

இந்த வசனத்தை வாராவாரம் சொன்னாலும் அப்போதுதான் தோன்றியது போலவே சொல்வார். அந்தத் திறமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சொந்தக்கால்காரர் புது சைக்கிள் வாங்கமாட்டார். புதுசு வாங்குகிறவனுக்கு சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவர் கட்சி. பழசுதான் வாங்குவார், அதையும் லேசில் வாங்கிவிடமாட்டார். விற்கிறவர் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, ஃபிரேமை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, செயினைத் தொட்ட விரலை மோந்து பார்த்து, பின்சக்கரத்தைச் சுழலவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, அப்புறம் தெருக்கோடி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, கையைத் துடைத்தபடி, "ஓட்டினவர் கொஞ்சம் கனமான ஆளோ?" என்பார். விற்கிறவர் எதிரிலேயே ஒல்லியாக நின்றுகொண்டிருப்பார். அதனாலென்ன? "அப்ப உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர்" என்பார். ஓட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்பதை அவர் வேதமாக வைத்திருக்கிறார். மின்சார சைக்கிளுக்கு மட்டும் அந்த வேதம் செல்லாது.

சரி, சொந்தக் கால், சொந்தக் கால் என்கிறாரே, அவர் சைக்கிளில் கியர் இல்லையா? இருக்கிறது. குலுக்கல் தெரியாமலிருக்க ஷாக் அப்சார்பர்? முன்னாலும் உண்டு, பின்னாலும் உண்டு. பொத்தானை அழுத்தினால் சீட் இறங்குகிறதே, அது? அது பாதுகாப்புக்கு. ஷாக் இல்லாத சைக்கிள் வைத்திருந்த காலத்தில் இதே மனிதர், ஷாக் வைத்தவர்களை "மெத்தை போட்டு மலையேறுறவங்க" என்று கேலி செய்தவர்தான். ஷாக் வைத்த பழைய சைக்கிள் ஒன்று மலிவாகக் கிடைத்த வாரமே அந்தக் கேலி நின்றுவிட்டது. எது உழைப்பு, எது ஏமாற்று என்பதற்கு அவரிடம் ஒரு கோடு உண்டு. எப்போது பார்த்தாலும் அது அவருடைய சைக்கிளுக்கு ஒரு சாண் அந்தப் பக்கம்தான் கிடக்கும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் சொந்தக்கால்காரருக்குத் தொழிலே கோடு போடுவதுதான். நில அளவையாளர். எங்கள் மலைப்பாதையில் மூச்சுமேடு என்று ஒரு செங்குத்தான இடம் இருக்கிறது. அதில் யார் காலை ஊன்றினாலும் எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். அவர் வாங்கிக் கொடுத்து யாரும் டீ குடித்ததில்லை.

மேலே ஏறினால் ஒரு தட்டைப் பாறை. அங்கிருந்து ஊரே தெரியும். ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போய் அந்தப் பாறையைப் பற்றி மனைவியிடம் வாய் கிழியப் பேசுவார். மனைவி நர்ஸ், நாளெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வருகிறவர். "நானும் ஒருநாள் வரேனே" என்பார் அந்த அம்மா. "வரலாம், வரலாம். அதுக்குக் கால் பழகணும்" என்பார் இவர். கால் பழகுவதற்குள் கல்யாணமாகிப் பல வருஷம் ஓடிவிட்டது.

இந்த நிலைமையில்தான் அவர் ஒரு பலகை எழுத ஆரம்பித்தார். "பேட்டரி சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை." பாதை தொடங்கும் இடத்தில் அதை மாட்டுவதா என்று ஞாயிற்றுக்கிழமை குழு முடிவு செய்ய வேண்டும். முடிவென்ன முடிவு, அவர் சொன்னால் நாங்கள் தலையாட்டுவோம். பெயிண்ட் காயாமல் பலகை பின்னறையில் சாய்ந்திருந்தபோது, அவர் மனைவி ஆய்வகத்தில் வேலை செய்கிற தோழியிடமிருந்து வாங்கிய பழைய மின்சார சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அதன் கைப்பிடியில் ஒன்றிலிருந்து நாலு வரை எண்கள். எண் ஏற ஏற மோட்டார் அதிகம் உதவும்.

அதற்கப்புறம் நடந்ததை அந்த அம்மாவே எங்களிடம் சொன்னார். மனிதருக்குக் கை சும்மா இருக்குமா? குந்தி உட்கார்ந்து தட்டினார், மோந்தார், சுழற்றினார், ஆட்டினார்.

"எப்படிங்க இருக்கு?"

"செயின் நல்லா இருக்கு. பேரிங்கும் பரவாயில்ல."

"அப்ப நல்ல சைக்கிள்தானே?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சைக்கிள் இல்ல."

அந்த அம்மா பின்னறைக்குப் போய் பலகையைப் படித்துவிட்டு வந்தார். "இது யாருக்குங்க?"

"பொதுவா எழுதினது."

"அந்தப் பொதுவுல நானும் உண்டா?"

இவர் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

"சரி, நீங்க மாட்டிக்குங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்தப் பாறையைப் பாத்துட்டு வந்துடறேன். கேட்டுக் கேட்டே எனக்கு வயசாயிடும்போல இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பலகையை அடிவாரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இறங்கி வந்து முடிவு செய்யலாம் என்று ஏறினோம். அந்த அம்மா முன்னால் போனார். வளைவுக்கு வளைவு நின்று, வார்டில் கேட்பது போலவே, "மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். கேட்கக்கூடாத கேள்வி. நம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். மூச்சுமேட்டில் பாதி ஏறியவர் முகம் கோணி, ஒரு காலைத் தரையில் ஊன்றினார்.

நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். டீ என்ற வார்த்தையைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. கூட வந்த மருந்துக்கடைக்காரர் ஒரு மரத்தை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா இறங்கி வந்து கணவரின் முழங்காலை இரண்டு விரலால் அழுத்தினார்.

"ஸ்ஸ்..."

"எத்தனை நாளா வலிக்குது?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"அது சரி. இதுல ஏறுங்க. உங்க சைக்கிளை நான் தள்ளிக்கிட்டு வரேன்."

"நானா? இதுலயா?"

"ஓட்டிப் பாக்காம எந்த வண்டியையும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. என் வண்டியை இன்னும் ஓட்டிப் பாக்கலையே."

தப்பிக்க ஒரு வழி கிடைத்தது அவருக்கு. "பரிசோதனைக்குத்தான்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். போனார். போய்க்கொண்டே இருந்தார். வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் சிரித்து நாங்கள் கேட்டதே இல்லையாதலால், யாரென்று கொஞ்ச நேரம் புரியவில்லை.

நாங்கள் பாறைக்கு வந்து சேர்ந்தபோது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேர்த்து வழிய வந்த மனைவியைப் பார்த்ததும் எழுந்து போய்க் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். "அதோ பாரு, நீலத் தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்குப் பக்கத்துல நம்ம வீடு" என்றார். அந்த அம்மா வெகு நேரம் பார்த்தார். "நீங்க சொன்னதைவிட நல்லா இருக்குங்க" என்றார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

இறங்கி வந்தோம். பலகை காத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து, எழுதியதற்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "இரண்டாம் எண்ணுக்கு மேல் ஓட்டப்படும்".

"ரெண்டு வரைக்கும் நம்ம காலும் வேலை செய்யுதுப்பா. மூணு வச்சாத்தான் ஏமாத்து" என்று விளக்கினார்.

"ரெண்டுலயா வந்தீங்க?" என்றார் மனைவி. "நான் மூணுல வந்தேன்."

மனிதர் பலகையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தம் முழங்காலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு 'இரண்டாம்' என்பதை அழித்து 'மூன்றாம்' என்று எழுதிவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது வாராவாரம் இரண்டு பேரும் வருகிறார்கள். நாலாம் எண்ணில் போகிறவர்களைக் கண்டால் அடிவாரத்தில் நின்று பெருமூச்சு விடுகிறார்கள், இரண்டு பேருமாக.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே, பிள்ளை போனிடம் கேட்டுக் கணக்குப் போடுகிறான் என்று திட்டினீர்களே, அதைப் பற்றி நான் பேசவில்லை. லிஃப்டில் ஏறிப் போய் உடற்பயிற்சி செய்வதைப் பற்றியும் மூச்சுவிடமாட்டேன். இதைப் படிக்க மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறீர்களே, அது மட்டும் சொந்தக் கண்ணா? அது வேறு என்கிறீர்களா? நல்லது, பலகையில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது. பெயிண்டும் இன்னும் காயவில்லை, வந்து எழுதிவிட்டுப் போங்கள்.