சயந்தினியின் ஜப்பான் பாஷை

“இங்கிலீஷ் கதைக்கிற கைட் எண்டெல்லோ நீர் சொன்னனீர்?” என்றாள் தவநாயகி.

கனசாவா ஸ்டேஷன் வாசலில், முறுக்கிய கயிறுபோல் எழும்பி நின்ற இரண்டு பெரிய மரத்தூண்களுக்குக் கீழே நின்று கேட்டாள். எதிரே சாம்பல் நிறக் கிமோனோ உடுத்த ஓர் அம்மாள், கையில் துணிப்பொதி ஒன்றுடன், மூவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பயணமே சயந்தினியின் யோசனை. கணவன் நிஷாந்தின் அக்கா தவநாயகி, சுவிஸ்தான் போகவேண்டும் என்று லண்டன் செவன் கிங்ஸில் ஒற்றைக் காலில் நின்றாள். “ஜப்பான் எண்டால் எனக்குப் பாஷை தெரியும், மச்சாள்” என்று சொல்லித்தான் சயந்தினி மனத்தை மாற்றினாள். கோலியர்ஸ் வுட்டில் இரண்டு குளிர்காலம் சனிக்கிழமை வகுப்புக்குப் போயிருந்தாள். போன நாட்களைவிடப் போகாத நாட்கள் கூட.

பயணத்தை ஒழுங்குசெய்த டூட்டிங் கடை தந்த தாளில் ‘காலை ஒன்பது, மரவாசல்’ என்று இருந்தது. மூவரும் ஆசையில் பத்து நிமிடம் முந்தியே வந்துவிட்டார்கள். வாசலில் கிமோனோவுடன் நின்றது இந்த அம்மாள் மட்டும்தான்.

“கைட்?” என்று கேட்டிருந்தாள் சயந்தினி.

“ஹை?” என்றார் அம்மாள்.

ஹை என்றால் ஓம். முதல் வகுப்பிலேயே படித்தது.

இப்போது அம்மாள் நீளமாக ஏதோ சொன்னார்.

“என்னவாம்?” என்றாள் தவநாயகி.

“நேரத்துக்கு வந்தது சந்தோஷமாம். நான் இருக்கிறன்தானே மச்சாள், ஒவ்வொண்டாச் சொல்லுறன்.”

அம்மாள் குனிந்து வணங்கினார். மூவரும் குனிந்து வணங்கினார்கள். அவர் போய் பஸ்ஸில் ஏறினார். இவர்களும் ஏறினார்கள்.

“டவுன் பஸ்ஸிலயோ கூட்டிக்கொண்டு போறா?” என்று நிஷாந்த் மெல்லக் கேட்டான்.

“சனத்தோட சனமாப் போனால்தான் பண்பாடு விளங்கும். பேசாமல் வாங்கோ.” சயந்தினி அம்மாளின் பக்கம் திரும்பினாள். “சாமுராய்?”

அம்மாளின் முகம் மலர்ந்தது. ஓம் ஓம் என்று தலையாட்டினார். மூன்றாம் தரிப்பில் அவர்களையும் இறக்கித் தானும் இறங்கினார். மண்சுவர்கள் இரு பக்கமும் நிற்க, வாய்க்கால் ஓடும் ஒடுங்கிய தெரு. சாமுராய்கள் வாழ்ந்த வீதி. தவநாயகி அரை மணித்தியாலத்தில் அறுபது படம் எடுத்தாள்.

பழைய வீடு ஒன்றுக்குள் போனபோது, அம்மாள் தரையைக் காட்டிக் கவலையோடு ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

சயந்தினிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. “சாமுராய் சண்டைக்குப் போகமுதல் இந்தப் பலகையிலை மூண்டுதரம் குதிக்கிறவையாம். அதிர்ஷ்டமாம்.”

தவநாயகி சேலையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். இரண்டாவது குதியில் பலகை கீச்சிட்டது. உள்ளிருந்து காவலாளி ஓடிவந்தார். மன்னிப்புக்கான சொல் ஞாபகம் வராமல் சயந்தினி “அரிகத்தோ” என்றாள். அது நன்றி. காவலாளி திகைத்துப்போய் நிற்க, அம்மாள்தான் முன்னால் வந்து நாலுதரம் குனிந்து விஷயத்தை முடித்தார்.

“எங்களுக்காக எவ்வளவு பாடுபடுறா, பாரும்” என்றாள் தவநாயகி.

அடுத்தது ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமைச் சுற்றி, தின்னக்கூடிய உண்மையான தங்கத்தாள். தவநாயகி உதட்டில் தங்கம் மினுங்க நின்றாள். “ஈஸ்ட் ஹாமிலை இதைக் கழுத்திலைதான் போடுவம்” என்று சிரித்தாள்.

அம்மாள் மணிக்கூட்டைப் பார்த்தார். முகம் வாடியது. மிக ஆழமாக, மூன்றுதரம் குனிந்தார்.

“பிந்திப்போச்சாம். கெதியா வரட்டாம்” என்றாள் சயந்தினி.

அம்மாள் நடந்தார். இவர்கள் பின்னால் நடந்தார்கள். அம்மாள் வேகமாக நடந்தார். இவர்கள் ஓடினார்கள். பாலம் தாண்டி, மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள் நிறைந்த தெருவில், அவர் ஒரு கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே பாயில் கிமோனோ உடுத்த எட்டுப் பெண்கள்; அவர்களுக்கு முன்னால் வெள்ளைத்தலை ஆசிரியை ஒருவர். எட்டுத் தலைகளும் திரும்பின. அம்மாள் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். கொஞ்சம் கிசுகிசுப்பு. பிறகு எல்லோரும் தள்ளி இருந்து மூன்று பேருக்கு இடம் விட்டார்கள்.

“தேத்தண்ணிச் சடங்கு” என்றாள் சயந்தினி, மூச்சு வாங்க. “எங்களுக்கெண்டு எட்டுப்பேரை ஆயத்தமா இருத்தி வைச்சிருக்கினம்.”

தவநாயகியின் கண் கலங்கியது.

ஆசிரியை பச்சைத் தேநீரைக் கலக்கி முதல் கிண்ணத்தை நிஷாந்திடம் நீட்டினார். வேப்பிலைக் கசப்பு. அவன் கண்ணை மூடி விழுங்கினான். ருசியாக இருக்கிறது என்பதற்கு ‘ஒய்ஷி’ என்று சொல்லவேண்டும். சயந்தினி பெருமையோடு “ஒகாஷி” என்றாள். அதற்கு அர்த்தம், ஏதோ பிழையாக இருக்கிறது.

ஆசிரியை முகம் சிவந்து, இரண்டாவது கிண்ணத்தை இன்னும் கவனமாகக் கலக்கி அவனிடமே நீட்டினார்.

“அவவுக்கு உங்களை நல்லாப் பிடிச்சுப்போச்சு, குடியுங்கோ” என்றாள் சயந்தினி. அவன் குடித்ததும் “ஒகாஷி, ஒகாஷி” என்றாள்.

மூன்றாவது கிண்ணம் வந்தது.

“சயந்தி, கும்பிட்டுக் கேக்கிறன், இனிப் புகழாதையும்” என்றான் நிஷாந்த். எழும்பப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே விறைத்துப்போயிருந்தது. அப்படியே பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் சரிந்தான். பிறகு ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பின்னேரம், தவநாயகியின் பையில் தொங்கிய ஹோட்டல் அட்டையைப் பார்த்து, அம்மாள் அவர்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நிஷாந்த் நீட்டிய அன்பளிப்பு உறையை இரண்டு கையாலும் தள்ளிவிட்டார். துணிப்பொதியை அவிழ்த்து, இனிப்புப் பெட்டி ஒன்றைத் தவநாயகியின் கையில் வைத்தார். தவநாயகி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“சயந்தினி, சும்மா சொல்லக்கூடாது” என்றாள், அவர் போன பிறகு. “இப்பிடியொரு நாள் என்ரை வாழ்க்கையிலை இல்லை. அடுத்த வருஷப் பயணமும் நீர்தான் போடவேணும். அந்தக் கடைக்காரப் பிள்ளைக்கு இப்பவே எடுத்துச் சொல்லும். ஸ்பீக்கரிலை போடும், நானும் கதைக்கிறன்.”

கனசாவாவில் மாலை ஆறு; லண்டனில் அப்போது காலை பத்து மணி. டூட்டிங் கடையில் கோசிகா போனை எடுத்தாள். சயந்தினி மூச்சுவிடாமல் புகழ்ந்தாள். பஸ், சாமுராய், தங்கம், தேத்தண்ணி ஒன்றையும் விடவில்லை. நடுவில் தவநாயகியும் புகுந்து, “அந்த அம்மாவுக்குப் பெரிய சம்பளம் குடுக்கவேணும், பிள்ளை” என்றாள்.

“அன்ரி, இப்பதான் கடை திறந்து ஈமெயில் பாத்தனான்” என்றாள் கோசிகா. “உங்கடை கைட் மிஸ்டர் தனாகா, காலமை ஒன்பது மணியிலையிருந்து அந்த மரவாசலிலை உங்கடை பேர் எழுதின மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாராம், இன்னும் கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லட்டோ?”