இடப்பக்கம் பதினெட்டு மில்லிமீட்டர்

ஆவடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மைத்துனர் சம்பத் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவர் மனோகரன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா சுசீலாவும் கல்யாணப்பெண் கவிப்பிரியாவும் சௌக்கியம். வேப்பம்பட்டில் நீங்கள் எல்லோரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரில் வந்து பார்க்காமல் நான் நம்புவது இந்த ஒன்றைத்தான். வழக்கமாக உங்களை 'நீ' என்றுதான் அழைப்பேன். இது விசாரணைக் கடிதம் என்பதால் இந்த மரியாதை.

விஷயம் ஜீப். நான் பணி ஓய்வு பெற்ற அன்று, மலையும் காடும் சுற்றிக்கொண்டிருந்த உங்கள் ஜீப்புக்கு மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தி, "மாமா, இனிமே நீங்க ஊர் சுத்துங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ஓடுகிற வண்டியை ஒரு மனிதன் எதற்காகச் சும்மா கொடுக்கிறான் என்று எனக்கு அன்றைக்கே உறுத்தியது. போன மாதம் கோயிலுக்குப் புறப்பட்டு உங்கள் அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், நான் கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன் நான். கோயிலுக்குப் போகவில்லை. டேப்பை எடுத்தேன்.

அன்று முதல் இருபத்துமூன்று நாட்களாகத் தினமும் காலையில் அளக்கிறேன். நாலில் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை உயரம். எங்கள் பிரிவின் விதி உங்களுக்குத் தெரியும், அளப்பவர் எழுதக்கூடாது, எழுதுபவர் அளக்கக்கூடாது. ஆகவே நான் குனிந்து அளந்து சொல்ல, உங்கள் அக்கா நோட்டில் எழுதுவாள். முழங்கால் வலியோடு அவளால் நிற்க முடியாது என்பதால் முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறாள், அதில் குறையொன்றும் இல்லை. இடப்பக்கம் பதினெட்டு மில்லிமீட்டர் தாழ்வு. ஒரு நாள் கூட மாறவில்லை. தீபாவளிக்கு மறுநாள் மட்டும் பத்தொன்பது.

அவசரப்பட்டு யார் மேலும் பழி போடுகிறவன் நான் அல்ல. முதலில் டயர்களில் காற்று பார்த்தேன், நாலும் ஒரே அளவு. தரை சாய்வோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நட்டநடுவில் நின்றது. அப்புறம் அம்பத்தூரில் மெக்கானிக் அய்யாசாமியின் ஷெட்டுக்குக் கொண்டுபோய், அங்கே நான் அளக்க அவர் பக்கத்தில் நின்று எழுதினார், இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருந்தாலும் முறைப்படி, இடது ஸ்பிரிங் பட்டையைக் கழற்றி வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டச் சொன்னேன். கோளாறு பட்டையில் என்றால் சாய்வும் கூடவே வலப்பக்கம் போயிருக்க வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வந்து உங்கள் அக்காவை உட்காரவைத்து அளந்தேன். அதே இடப்பக்கம், அதே பதினெட்டு. மறுபடி ஷெட்டுக்குப் போனால் சமம். மூன்றாம் தடவை போனபோது அய்யாசாமி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், வண்டி கரீக்டா கீது. இங்க வந்தா நேரா நிக்குது, உன் ஊட்டாண்ட போனா சாயுதுன்னா, கோளாறு வண்டில இல்ல சார், ஊட்லதான் இன்னாவோ கீது." "அப்படிச் சொல்லச் சொன்னது யார், சம்பத்தா?" என்று கேட்டேன். "சம்பத்தா, அது யாரு சார்?" என்றார். ஒருவரைத் தெரியாதவர் இவ்வளவு சீக்கிரமாகத் தெரியாது என்று சொல்வாரா? அவருடைய போனில் உன் நம்பர் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று. டிரைவர் சீட்டுக்கு அடியில் காய்ந்த நத்தைக்கூடு ஒன்று கிடைத்தது. அதைக் காகிதத்தில் மடித்துத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். சம்பத்து, நேராகவே கேட்கிறேன், நீ அயனம்பாக்கம் ஏரிக்குள் வண்டியை இறக்கி இடப்பக்கமாகக் கவிழ்த்தாயா, இல்லையா? கவிழ்த்துவிட்டு, நிமிர்த்தி, கழுவி, மாலையும் போட்டு என் தலையில் கட்டிவிட்டாய். இந்த ஆராய்ச்சியில் எனக்கு வேறு எதற்கும் நேரமில்லை. மாப்பிள்ளை மோகன் வேலை பார்க்கும் மண்ணூர்பேட்டைக் கம்பெனிக்குப் போய் நாலு பேரிடம் விசாரிக்கலாம் என்றிருந்தேன், அதுவும் நின்றுபோயிற்று.

ஆகவே முடிவைத் தெரிவிக்கிறேன். நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பும்வரை, கல்யாண அழைப்பிதழில் தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயர் கிடையாது. அந்த வரியை எடுத்துவிடும்படி அச்சகத்தில் சொல்லிவிட்டேன். சீர்த்தட்டும் நீ எடுத்து வரவேண்டாம். போனில் பேசாதே, போனில் சொன்னதை நாளைக்கே இல்லை என்பாய்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு, அவள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, இன்றைய தேதி வரை. எழுதியவர் தபாலில் சேர்க்கக்கூடாது என்பதால் கடிதத்தை ஒட்டி அனுப்பும் பொறுப்பை உன் அக்காவிடம் விடுகிறேன்.

இப்படிக்கு,
மனோகரன்

பின்குறிப்பு: தம்பி சம்பத்து, இது அக்கா எழுதுவது. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, நான்தான் கோளாறு. மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. பால் வாங்க இறங்கினேன், வண்டி நேராக நின்றது. ஏறினேன், சாய்ந்தது. உன் மாமா குனிந்து டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர், "இது முடியட்டும், அடுத்தது அந்த மோகனைப் பத்தி விசாரிக்கணும்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

கவிப்பிரியாவுக்கு இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் எப்படிப் போனதென்று உனக்குத் தெரியும். ஜாதகத்தில் போட்ட உயரம் சரிதானா என்று பெண் பார்க்க வந்த பையனைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார். இரண்டாவது பையன் வீட்டில் காபியைக் குடித்துவிட்டு, "உங்க நிலைப்படி கோணல்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்குச் சந்தேகப்பட ஒன்று வேண்டும்டா. அது ஜீப்பாகவும் நீயாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். இவள் அந்த மோகனோடு போனில் பேசிச் சிரிக்கிறாள், அதைக் கேட்டால் எனக்கு அழுகை வருகிறது.

அச்சகத்துக்குச் சொல்லி உன் பெயரைப் போட வைத்துவிட்டேன். புரூஃபை அவருக்கு வாசித்துக் காட்டுபவள் நான், விதிப்படி அவர் கேட்க மட்டும்தான் வேண்டும். நீ ஏரியில் கவிழ்த்தேன் என்று ஒப்புக்கொள்ளாதே, ஒப்புக்கொண்டால் விசாரணை முடிந்துவிடும். இல்லை என்றும் அடித்துச் சொல்லாதே. 'யோசித்துச் சொல்கிறேன் மாமா' என்று மட்டும் எழுது, ஒரு மாதம் ஓடிவிடும். கார்த்திகையில் அவள் கழுத்தில் தாலி ஏறட்டும். அப்புறம் நானே வண்டியை விட்டு இறங்கிவிடுகிறேன்.